மதியத் தூக்கத்தின் மாறிகள்

மார்ச் 4, புதன்

வாண்டு இன்றும் என்னிடம் தூங்கவில்லை. ஏழு மாதக் குழந்தை, பன்னிரண்டு வருஷம் அறிவியல் நடத்திய எனக்கே தண்ணி காட்டுகிறது.

இவளுக்கு, அதாவது என் மனைவிக்கு, பிரசவ விடுப்பு முடிகிறது. திங்கள் முதல் மறுபடி பேருந்து ஓட்டப் போகிறாள், மதிய ஷிப்ட். எனக்குக் காலைப் பள்ளி. ஆக, மதியம் வாண்டு என் பொறுப்பு.

"தூங்க வைக்க முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. லீவை நீட்டிக்கிறேன். என்ன, ரூட்டை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. அந்த ரூட்டுக்காக எவ்வளவு காலம் காத்திருந்தாள்! அதெல்லாம் விட முடியாது.

மார்ச் 5, வியாழன்

முறைப்படி இறங்கிவிட்டேன். நானாக மாற்றுவது ஒன்றே ஒன்று. அது சாரா மாறி. அதனால் மாறுவது வாண்டின் தூக்கம். அது சார்ந்த மாறி. அறை, நேரம், பால், மின்விசிறி வேகம் எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். அவை கட்டுப்பாட்டு மாறிகள்.

இன்று தாலாட்டு. இரண்டாவது வரியிலேயே வீல் என்று அலறல்.

"ஐயோ பாவம், நிறுத்துங்க!" சமையலறையிலிருந்து இவள். பாவம் குழந்தையா, பாட்டா?

மார்ச் 6, வெள்ளி

பாட்டை விட்டுத் தோளில் போட்டு நடந்தேன். தூங்கிற்று! அப்புறம்தான் தெரிகிறது, இவள் நைசாக ஜன்னல் திரையை இழுத்துவிட்டிருக்கிறாள். பாலும் கொஞ்சம் கூடவே கொடுத்திருக்கிறாள்.

"மூணையும் ஒண்ணா மாத்தினா எதனால தூங்கிச்சுன்னு எப்படித் தெரியும்?" கத்திவிட்டேன்.

"தூங்கிச்சா இல்லையா? பெரிய விஞ்ஞானி!"

வாண்டு விழித்துக்கொண்டது. என் கத்தலால்தான். சே.

மார்ச் 7, சனி

நடை மட்டும். தூங்கவில்லை. இடுப்பு போச்சு.

மார்ச் 8, ஞாயிறு

திரை மட்டும் — ம்ஹூம். நாளைக்கு டூட்டி. இஸ்திரி போட்டு வைத்திருந்த சீருடையை இவள் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். லீவை நீட்டிக்கத்தான் போகிறாள்.

புதன்கிழமை எட்டாம் வகுப்புக்கு இதே மாறிகள் பாடம் வேறு. தலைமையாசிரியை வந்து உட்காரப் போகிறார். வாண்டை மடியில் வைத்துக்கொண்டே சொல்லிப் பார்த்தேன். "ஒரு சோதனையில் மாறிகள் மூன்று வகைப்படும்..." இரண்டாவது வகையில் கண் சொருகிற்று. மூன்றாவதில் குறட்டை.

வாசற்படியில் இவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறாள்.

"என்ன சிரிப்பு?"

"உங்க எட்டாம் வகுப்பை நினைச்சேன்."

மானம் போயிற்று. ஆனால் சீருடை அலமாரியை விட்டு வெளியே வந்துவிட்டது.

மார்ச் 9, திங்கள்

இவள் வேலைக்குப் போனாள். தூங்க வைத்தது மடியா, குரலா, பாடமா? மடியும் குரலும் அதே. பாடத்தை மட்டும் மாற்றி எரிமலை நடத்தினேன். கண்ணை உருட்டி உருட்டிக் கேட்டது. மாறிகளுக்குத் திரும்பினேன். ஆள் அவுட்!

மார்ச் 10, செவ்வாய்

தூங்கிற்று. மூன்றாவது வகைவரை போகவே தேவைப்படவில்லை. சிரிப்பதா, அழுவதா?

மார்ச் 11, புதன்

தலைமையாசிரியை பேனாவோடு உட்கார்ந்திருந்தார். "ஒரு சோதனையில்..." என்று தொடங்கியதுமே கடைசி பெஞ்சில் ஒரு தலை மெல்லச் சாய்ந்தது. எனக்குப் பகீர் என்றது. குறிப்பை மூடி வைத்தேன்.

"எங்க வீட்ல ஒரு வாண்டு இருக்கு. தூங்கவே தூங்காது" என்றேன்.

சாய்ந்த தலை நிமிர்ந்தது. என் பாட்டு, நடை, திரை, பால், எல்லாம் சொன்னேன். வெள்ளிக்கிழமை கதைக்கு வந்ததும் ஒரு பெண் எழுந்தே விட்டாள்: "சார், மூணையும் ஒண்ணா மாத்தினா எப்படி சார் தெரியும்?" அப்படிக் கேளு தாயே! மணி அடித்தும் யாரும் அசையவில்லை. "இனிமே இப்படியே நடத்துங்க" என்று சொல்லிப் போனார் தலைமையாசிரியை.

அந்தத் தலைகால் புரியாத சந்தோஷத்தில் மதியம் வாண்டுக்கும் புதுப் பாடத்தையே நடத்தினேன். பொட்டுத் தூக்கம் இல்லை. பொக்கை வாயைத் திறந்து ஒரே சிரிப்பு. வேறு வழியில்லாமல் பழைய குறிப்பை எடுத்து, முதல் வரியிலிருந்து, ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தேன்.

டூட்டி முடிந்து வந்து இவள்தான் எழுப்பினாள் — என்னை.