நிறுத்தி வைத்த நாலு கார்டு

பிப்ரவரி 2, 1981. திங்கள்

காலையில் பனி. லைட்ஹவுஸ் தெரியவே இல்லை. எட்டரைக்கு மேல்தான் வெயில்.

தச்சர் ஒருவழியாக அடுக்கைக் கொண்டுவந்து நிறுத்தினார். முன்னறைச் சுவரோரம், முத்திரை மேஜைக்குப் பக்கத்தில். பன்னிரண்டு அறை. மீன் பெட்டிப் பலகை. இரண்டு தடவை சோப்புத் தண்ணீரில் துடைத்தும் வாடை போகவில்லை.

எட்டு மாதமாக இந்தக் குப்பத்துக்கு நான்தான் போஸ்ட் மாஸ்டர். ஆபீஸ் என் வீட்டு முன்னறை. இதுவரை தரையில் சாக்கு விரித்துத்தான் தபால் பிரித்தது. இனிமேல் இடுப்பு தப்பிக்கும்.

சீட்டு எழுதி ஒட்டியது: வடக்குத் தெரு, தெற்குத் தெரு, கோவில் தெரு, பள்ளிக்கூடம், மணியார்டர், பழவேற்காட்டுக்குத் திருப்ப, விலாசம் சரியில்லை. எல்லம்மாள்களுக்குத் தனியாக ஒன்று. ஆறு எல்லம்மாள், புருஷன் பேர் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். மிச்சம் நாலு காலி.

தாசண்ணன் பழவேற்காட்டிலிருந்து பையோடு வந்தார். பை சுமப்பதும் வீடு வீடாகக் கொடுப்பதும் அவர்தான். பதினாறு வருஷ சர்வீஸ்.

"இன்னாம்மா இது, பொறாக்கூடு கட்டிக்கினு?"

பிறகு அவரே ஒவ்வொரு அறையிலும் கையை விட்டுப் பார்த்தார். பிடித்துவிட்டது, சொல்லமாட்டார்.

அரிசி ஊறவைக்க மறந்தேன். ராத்திரிக்குக் கஞ்சி.

பிப்ரவரி 4, புதன்

பையில் 19 கார்டு. அதில் 11 ஒரே மாதிரி. போன வாரம் மூன்று வந்தது, விட்டுவிட்டேன்.

எல்லாம் ஒரே கதை. மலைமேல் ஒரு பூசாரி கனவில் அம்மன் வந்தாளாம். "இதைப் படித்தவர் பதின்மூன்று பேருக்கு எழுதிப் போடவும். எழுதினவருக்கு ஒன்பது நாளில் நல்ல சேதி. எழுதாமல் கிழித்த வீட்டில் கடல் ஓர் ஆளை எடுத்தது."

இங்கே படிக்கத் தெரிந்தவர் குறைவு. தாசண்ணன்தான் வாசலில் நின்று உரக்கப் படித்துக் காட்டுகிறார். கடல் எடுத்தது என்று படித்தால் கேட்கிறவர்கள் என்ன ஆவார்கள்?

கிணற்றடியில் காதில் விழுந்தது:

"எங்க வூட்ல யாரும்மா எய்துறது? ஒரு பேனா கூட கெடையாது."

"அப்ப மரத்த எறக்காத. ஒம்பது நாளு போவட்டும்."

இன்று நாலு கட்டுமரம் கரையிலேயே கிடக்கிறது. இறால் நன்றாகப் படும் நாள் இது.

பிப்ரவரி 5, வியாழன்

குளிர். மூக்கு அடைப்பு.

வடக்குத் தெருவில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி, கார்டைக் கேட்டதிலிருந்து இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம். அவள் மாமியார் வந்து என்னிடம் சண்டை. "நீதானே அனுப்புற இத்தயெல்லாம்?"

முடிவு செய்துவிட்டேன். கடைசி அறையில் சீட்டு ஒட்டினேன்: நிறுத்து.

விதி 1. முதல் வரியில் அம்மன், பூசாரி, கனவு இருந்தால் நிறுத்து.
விதி 2. பதின்மூன்று என்று இருந்தால் நிறுத்து.

கார்டு திறந்த தபால்தானே. யாரும் படிக்கலாம். பாதிப் பேருக்கு நான்தான் படித்தும் சொல்கிறேன்.

தாசண்ணனுக்குப் பிடிக்கவில்லை.

"போட்டவன் போட்டுட்டான். சேர வேண்டியவங்களுக்குச் சேரணும். நடுவுல நீ யாரும்மா?"

"அந்தப் பொண்ணுக்கு ஒன்னு ஆச்சுன்னா யாருண்ணே பதில் சொல்றது?"

பையை உதறி மடித்து வைத்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி 10, செவ்வாய்

எல்லா மரமும் இறங்கியது. கர்ப்பிணிப் பெண் சாப்பிடுகிறாள். மனசுக்குள் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

ஆனால் எழுதுகிறவர்கள் உஷார். இப்போது "நலம், நலமறிய அவா" என்று தொடங்குகிறது, நாலாவது வரியில் பூசாரி. சனிக்கிழமை இரண்டு அப்படித் தப்பிப் போனது. அதனால்:

விதி 3. ஒரே கையெழுத்தில் ஒரே நாளில் இரண்டுக்கு மேல் வந்தால் நிறுத்து.
விதி 4. அனுப்பியவர் விலாசம் இல்லையென்றால் சந்தேகம். முதல் வரி பார்.

இன்று விதி 1, 3 இரண்டிலும் நாலு கார்டு சிக்கியது. தெற்கே ஏதோ துறைமுகத்து முத்திரை, அழிந்துபோன முத்திரை. குண்டு குண்டான எழுத்து, முதல் வரியிலேயே பூசாரி. விலாசம்கூடப் பார்க்காமல் நாலும் அறைக்குள். ஐந்து நிமிஷ வேலை.

மதியம் தனம் வந்தாள். அவள் புருஷன் கன்னியப்பன் பொங்கல் கழிந்து தெற்கே மீன்பிடி லாஞ்சு வேலைக்குப் போனவன். வாரம் ஒரு கார்டு யாரையாவது பிடித்து எழுதிப் போடுவான்.

"கடுதாசி இருக்காக்கா?"

"இல்ல தனம். நாளைக்கு வரும்."

கோந்து தீர்ந்துவிட்டது. மண்ணெண்ணெய் வாங்க வேண்டும்.

பிப்ரவரி 13, வெள்ளி

தனம் நாலு நாளாகத் தினமும் வருகிறாள். இன்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். இடுப்பில் கைக்குழந்தை. நான் பை பிரிக்கும்போது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினஞ்சு நாளாவுது. மறந்துட்டான் போலக்கீது."

"கடல்ல இருப்பான். கரைக்கு வந்ததும் போடுவான்."

சிரித்துக்கொண்டே சொன்னேன். டீ கொடுத்தேன்.

பிப்ரவரி 18, புதன்

நாளை தபால் ஓவர்சியர் சோதனைக்கு வருகிறார் என்று பழவேற்காட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். நிறுத்து அறை ரொம்பிக் கிடக்கிறது. அவர் கண்ணில் படாமல் கட்டி உள்ளே வைக்கலாம் என்று நினைத்தேன். உள்ளதை எழுதுகிறேன், ஒளிக்கத்தான் நினைத்தேன்.

சணல் போட்டுக் கட்டும்போது ஒரு கார்டின் ஓரத்தில், குறுக்காக, பொடி எழுத்தில் ஏதோ. திருப்பிப் பிடித்தால்:

"வலது கை வலை இழுக்கும் வின்ச்சில் மாட்டியது. இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். தம்பி வேலுவை உடனே அனுப்பவும். கன்னியப்பன்."

மற்ற மூன்றையும் தேடி எடுத்தேன். அதே குண்டு எழுத்து. அதே இரண்டு வரி. ஒன்று தனத்துக்கே. மற்றவை தனத்தின் மாமனுக்கு, கோவில் தர்மகர்த்தாவுக்கு, வலைப் பங்காளிக்கு. ஒன்றாவது போய்ச் சேரட்டும் என்று நாலு. நாலையும் நான் பிடித்து வைத்திருக்கிறேன். எட்டு நாள்.

கதவைச் சாத்தாமல் போனேன். தனம் கருவாடு திருப்பிக்கொண்டிருந்தாள். படித்துக் காட்டினேன். பிறகு எட்டு நாள் என்னிடம் இருந்தது என்றும் சொன்னேன். அவள் கையில் கருவாடு அப்படியே.

"நான் ஒன் வாசல்லயே ஒக்காந்துக்கினு இருந்தனேக்கா."

திட்டியிருக்கலாம்.

கன்னியப்பனின் தம்பி வேலு ஏரியிலிருந்து வந்ததும் நாலு மணி பஸ்ஸுக்கு ஓடினான். பொன்னேரி போய் ரயில்.

பிப்ரவரி 19, வியாழன்

வேலுவிடமிருந்து சேதி இல்லை.

ஓவர்சியர் பத்து மணிக்கு வந்தார். அடுக்கைப் பார்த்து, "பேஷ்" என்றார். நானே நிறுத்து அறையைக் காட்டினேன். எல்லாம் சொன்னேன்.

"தபாலை நிறுத்த உங்களுக்கு யாரும்மா அதிகாரம் கொடுத்தது?"

"யாரும் இல்ல சார்."

விளக்கம் எழுதித் தரச் சொன்னார். ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். மேலே அனுப்புவாராம். வேலை இருக்குமா தெரியாது.

நிறுத்தி வைத்தது மொத்தம் 37. எல்லாவற்றையும் தாசண்ணன் இன்றே கொடுக்க எடுத்துப் போனார். நான்தான் அப்பவே சொன்னேனே என்று அவர் சொல்வாரென்று காத்திருந்தேன். "வெயில்ல நிக்காத, உள்ள போம்மா" என்றார்.

இரண்டு மரம் இறங்கவில்லை. மற்றவை போயின. ஒரு எல்லம்மாள் தனக்கு வந்த மூன்று கார்டையும் அடுப்பில் வைத்தாளாம். பயம் எப்படித்தான் வருகிறது, எப்படித்தான் போகிறது.

பிப்ரவரி 21, சனி

வேலு தந்தி: உயிருக்கு ஆபத்தில்லை. இரண்டு விரல் எடுத்தாகிவிட்டது.

தந்தியைப் படித்துச் சொல்லத் தனத்தின் வீட்டுக்கு நானே போனேன். அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு: "பதிமூணு கார்டு எழுதிக் குடு. நீதான் எழுதணும்."

"அதெல்லாம் பொய் தனம்."

"பொய்யோ நெசமோ. அவன் வூடு வந்து சேரணும்."

என்னால் மறுக்க முடியவில்லை. எழுதினேன். ஒன்பது பேர் சொன்னாள். அதற்கு மேல் யாரையும் அவளுக்குத் தெரியவில்லை, மீதி நாலுக்கு என் சொந்தக்காரர்கள். கடல் எடுத்தது என்ற வரியை மட்டும் கை எழுத மறுத்தது, விட்டுவிட்டேன்.

"படிச்சுக் காட்டு" என்றாள். படித்தேன்.

"கடலு எடுத்ததுன்னு வரலியே?"

"எழுதல. இனிமே உன்கிட்ட ஒன்னும் மறைக்கறதில்ல, அதான் சொல்றேன். வேணும்னா எழுதறேன்."

கொஞ்ச நேரம் கார்டுகளை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"வோணாம். அப்படியே போடு."

பதின்மூன்றுக்கும் நானே முத்திரை குத்தினேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

தெற்குக் காற்று ஆரம்பம். மணல் வீட்டுக்குள்.

நிறுத்து சீட்டைக் கிழித்துவிட்டு அந்த அறையில் பசை, சணல். விளக்கத்துக்குப் பதில் இன்னும் இல்லை.

நேற்று கன்னியப்பன் வந்துவிட்டான். இன்று பதினோரு மணிக்கு அவனே ஆபீஸுக்கு வந்தான். வலது கை முழங்கை வரை கட்டு. இளைத்திருக்கிறான். நான் எழுந்து நின்றேன்.

"என் கடுதாசிய எட்டு நாளு வெச்சிருந்தியாமே."

"ஆமா கன்னியப்பா. தப்பு என்னுது."

"படிச்சியா?"

"அன்னிக்கு முதல் வரி மட்டும்."

பெஞ்சில் உட்கார்ந்தான். கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"மொத வரி என்னுது இல்லக்கா. பக்கத்துக் கட்டில் ஆளு. கால் போயிட்சு அவனுக்கு. பதிமூணு பேருக்கு எய்தணும்னு ஒக்காந்துக்கினு இருந்தான். ஆள் பத்தல. நான் நாலு விலாசம் குடுக்கறேன், ஓரத்துல என்னுது ரெண்டு வரி போடுன்னேன். நான் சொன்னது அந்த ரெண்டு வரிதான்."

சணல் வைத்த கடைசி அறையைப் பார்த்தேன்.

"இப்ப அவனுக்கு ஒரு கார்டு போடணும். இன்னும் அங்கதான் கெடக்கறான். எய்தறியா?"

"சொல்லு."

"வூடு வந்து சேந்துட்டேன். நாலு கார்டும் வந்து சேந்துச்சு. நீ தெகிரியமா இரு."

நிமிர்ந்து பார்த்தேன். அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

எட்டு நாளைப் பற்றி ஒன்றும் சேர்க்காமல், சொன்னதை மட்டும் எழுதினேன். மதியப் பையில் போனது.