யு.பி.எஸ். இல்லாத கம்ப்யூட்டர்

உ
பிளாக் 17, நெய்வேலி
18.1.2004

அன்புள்ள லிடி,

நாங்கள் எல்லோரும் நலம். உன் நலமும் ஃபெலிக்ஸ் அண்ணன் நலமும் அறிய ஆவல். பொங்கல் நன்றாகப் போயிற்றா? சர்க்கரை ஆலை ஊரில் வாழ்க்கைப்பட்டவளிடம் கரும்பு கிடைத்ததா என்று கேட்டால் சிரிப்பாய்.

விஷயத்துக்கு வருகிறேன். பணம் சேர்ந்துவிட்டது! கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்து எடுத்துத் தொண்டை கட்டியதற்குப் பலன். இருபத்திரண்டாயிரத்துக்குள் ஒரு கேமிங் மெஷின். கடையில் மூடி ஒட்டி விற்கிற மெஷின் இல்லை. நாமே பொருள் பொருளாக வாங்கி, நாமே பூட்டுகிற மெஷின். சென்டரில் சார் மதியம் சாப்பிடப் போனதும் நாம் இரண்டு பேரும் கார் ரேஸ் ஓட்டுவோமே, வளைவு வந்தால் படம் திக்கித் திணறுமே, அந்தத் திணறலே இருக்கக்கூடாது.

அப்பாவுக்கு மே மாசம் ரிட்டயர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடக்குத்தில் கட்டிய வீட்டுக்குப் போகிறோம். ரோட்டைப் பார்த்த முன் அறைக்கு ஷட்டர் போட்டுத் தரச் சொல்லிவிட்டேன். அங்கேதான் நம் கடை. இந்த மெஷினை முன்னால் வைத்து கேமை ஓடவிட்டால் ரோட்டில் போகிறவன் நின்று பார்ப்பான். நின்றவன் விலை கேட்பான். கேட்டவனுக்குக் குறைந்த செலவில் நல்லதாக நாம் அசெம்பிள் செய்து கொடுப்போம். உன் கல்யாணத்துக்கு முன்னால் போட்ட திட்டம்தான், மறந்திருக்க மாட்டாய்.

ஹார்டுவேர் படித்தவள் நீ. எதை வாங்குவது, எதை விடுவது என்று எழுது. போனில் பேசலாம் என்றால் உங்கள் வீட்டு போன் ஹாலில் இருக்கிறது, உன் மாமியார் காதும் அங்கேயே இருக்கிறது. தவிர, போனில் படம் போட்டுக் காட்ட முடியாதே!

சீக்கிரம் பதில் போடு. எனக்குத் தூக்கம் வராது.

உன் அன்புத் தோழி,
அகிலா


இயேசுவுக்கே புகழ்
நெல்லிக்குப்பம்
24.1.2004

அன்பு அகிலாவுக்கு,

உன் கடிதத்தை அடுப்படியில் நின்றுகொண்டே படித்தேன். பால் பொங்கி வழிந்துவிட்டது. பொங்கல் முடிந்து ஒரு வாரம் கழித்து மறுபடி பொங்கல் என்று அத்தை கேலி செய்தார்.

சொல்வதைக் கேள். பிராசசரில் காசைக் கொட்டாதே. விளம்பரத்தில் வருகிறதைத்தான் எல்லோரும் கேட்பார்கள். நீ அத்லான் என்கிற பிராசசரைக் கேள். அதே வேகம், விலை குறைவு. ஆனால் சூடு அதிகம், நல்ல ஃபேனாகப் பார்த்து வாங்கு. மிச்சத்தை கிராபிக்ஸ் கார்டில் போடு. படத்தை வரைந்து காட்டுகிறது அதுதான், கேமுக்கு உயிரே அதுதான். கடைக்காரர் பழைய கார்டைப் புதுசு போலத் தள்ளப் பார்ப்பார், இந்தக் கடிதத்தின் பின்பக்கம் கார்டையும் எதை எங்கே பூட்டுவது என்பதையும் படம் போட்டிருக்கிறேன், அதை வைத்துச் சரிபார். ராம் 256 எம்.பி. போதும். கேபினெட் அழகாக இருக்க வேண்டியதில்லை. நம் ஊர் நிலக்கரித் தூசு எந்த அழகையும் பார்த்துக்கொண்டு வெளியே நிற்காது.

முக்கியமானது: யு.பி.எஸ். வாங்கு. நெய்வேலியில் வளர்ந்த நமக்கு இது ஏறாது. இங்கே வந்த பிறகுதான் கரண்ட் போவது என்றால் என்ன என்று தெரிந்துகொண்டேன். போவதுகூடப் பரவாயில்லை. திரும்பி வருகிறபோது ஒரு வேகத்தில் வருகிறது பார், பல்பு மாம்பழமாகப் பழுத்து வெடிக்கிறது. கரண்ட் போனால் யு.பி.எஸ். தாங்கும், எகிறினாலும் அடியை அது வாங்கிக்கொள்ளும்.

கடைக்கு எப்போது வருவாய் என்று நீ கேட்கவில்லை. ஆனால் உன் ஒவ்வொரு வரியும் கேட்கிறது. இவருக்கு ஆட்சேபணை இல்லை. அத்தையிடம் இன்னும் பேச்சை எடுக்கவில்லை. பார்க்கலாம்.

அன்புடன்,
லிடியா


உ
நெய்வேலி
9.2.2004

அன்புள்ள லிடி,

வாங்கிவிட்டேன்! சென்னை ரிச்சி தெருவில் பெரியப்பா மகனை ஒரு பக்கம் சுமக்கவைத்து, நான் ஒரு பக்கம் சுமந்து, ஒரே பஸ்ஸில் கொண்டுவந்து சேர்த்தோம். மானிட்டரை மடியில் வைத்து வந்ததில் இன்னும் தொடை மரத்துக் கிடக்கிறது.

திட்டக்கூடாது. யு.பி.எஸ். வாங்கவில்லை. அந்தக் காசைப் போட்டு நீ சொன்ன கார்டுக்கு ஒரு படி மேலான கார்டை வாங்கிவிட்டேன். கண்ணாடிக்குள் மினுக்கிக்கொண்டு இருந்தது, விட்டுவிட்டு வர மனசில்லை. கடைக்காரர் வாயைப் பிளந்தார். "யு.பி.எஸ். வேணாமா? எந்த ஊரும்மா நீ?" என்றார். "நெய்வேலி" என்றேன். அந்த ஒரு வார்த்தையை எவ்வளவு கர்வமாகச் சொன்னேன் தெரியுமா? ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிற ஊரில் கரண்ட் போகுமா? வடக்குத்து மட்டும் என்ன, நம் டவுன்ஷிப் ஆர்ச் கேட்டிலிருந்து கூப்பிடு தூரம். நீ கல்யாணமாகிப் போனதும் வெளியூர்க்காரி ஆகிவிட்டாய், அதான் பயப்படுகிறாய்.

சரி, இப்போது என் தலையில் கை வைத்த கதை. நீ போட்ட படத்தைப் பார்த்து எல்லாவற்றையும் பூட்டினேன். பிராசசர் மேல் சூடு கடத்துகிற பசையைப் பட்டாணி அளவுதான் வைத்தேன், ஃபேனை அழுத்தும்போது கண்ணை மூடிக்கொண்டேன். சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, மானிட்டர் மட்டும் கும்மிருட்டு. எல்லாவற்றையும் கழற்றித் திரும்பப் பூட்டினேன். அதே இருட்டு. அம்மா தேங்காய் சுற்றி உடைத்துவிட்டார். உடனே பதில் எழுது, தந்தி கொடுத்தாலும் சரி.

கண்ணீருடன்,
அகிலா


நெல்லிக்குப்பம்
13.2.2004

அகிலா,

மானிட்டர் ஒயரை எங்கே சொருகியிருக்கிறாய்? மதர்போர்டின் பின்னால் உள்ள நீல ஓட்டையில்தானே? கழற்று. கீழே, கார்டின் பின்னாலும் அதே மாதிரி ஒரு ஓட்டை இருக்கும். அதில் சொருகு. அவ்வளவு ஆசையாக வாங்கிய கார்டுக்கு வேலையே கொடுக்காமல் பட்டினி போட்டிருக்கிறாய்.

அம்மாவிடம் சொல், தேங்காய் வீண் போகவில்லை, சட்னிக்கு ஆகும்.

யு.பி.எஸ். பற்றி இப்போது எதுவும் எழுதப் போவதில்லை, கோபமாக இருக்கிறேன்.

லிடியா


உ
நெய்வேலி
20.2.2004

என் தங்க லிடி,

ஓடுகிறது! ஓடுகிறது! ஒயரை மாற்றின மாத்திரத்தில் திரை பளிச்சென்று வந்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து குவார்ட்டர்ஸில் இருந்து கரண்டியோடு ஓடி வந்தார்கள். கார் ரேஸில் மழை பெய்கிறது லிடி, ரோட்டில் தேங்கிய தண்ணீரில் வண்டியின் நிழல் தெரிகிறது! வளைவிலும் வழுக்கிக்கொண்டு போகிறது, ஒரு திக்கல் இல்லை.

நைட் ஷிஃப்ட் முடித்து வந்த அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். சுரங்கத்தில் இத்தனை வருஷம் கன்வேயர் ஓட்டிய மாடசாமி, முதல் வளைவிலேயே காரை மரத்தில் ஏற்றிவிட்டு, "ரோடு சரியில்ல தாயி" என்கிறார். அம்மா சிரித்த சிரிப்பில் எனக்கே கண்ணீர் வந்துவிட்டது.

அப்பாவோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்க்கிற வைத்திலிங்கம் மாமா வந்து பார்த்தார். கடை கடையாக விலை விசாரித்து வைத்திருந்தவர், நம் விலையைக் கேட்டதும், "எம் புள்ளைங்களுக்கும் இதே மாதிரி ஒண்ணு பண்ணிக் குடும்மா. கடை தொறந்ததும் மொத ஆர்டர் நம்மளுதுதான்" என்று சொல்லிவிட்டார். நமக்கு முதல் ஆர்டர்!

ஆனால் ஒன்று சொல்கிறேன். எனக்கு ஸ்க்ரூ முடுக்கத் தெரியும், விலை பேசத் தெரியும். ஒன்று கோளாறானால் திருதிருவென்று முழிப்பேன். இருட்டு மானிட்டர் முன்னால் நான் நாலு நாள் அழுதேன், நீ ஒரே வரியில் சரி செய்தாய். அடுத்தவர் காசில் அந்த மாதிரி அழ முடியாது. நீ வந்தால்தான் அது கடை. வராவிட்டால் அது ஷட்டர் போட்ட முன் அறை, அவ்வளவுதான். அத்தையிடம் பேசினாயா?

உன்
அகிலா


நெல்லிக்குப்பம்
2.3.2004

அன்பு அகிலாவுக்கு,

படித்துவிட்டு அடுப்படியிலேயே ஒரு குதி குதித்தேன். மழைத் தண்ணீரில் வண்டியின் நிழலா! என் கையால் ஒரு ரேஸ் ஓட்டாமல் சாகமாட்டேன்.

அத்தையிடம் பேசவில்லை. தவக்காலம் போகட்டும், ஈஸ்டர் கழித்துப் பேசுகிறேன். என்னை அவசரப்படுத்தாதே.

லிடியா


உ
வடக்குத்து
14.6.2004

அன்புள்ள லிடியாவுக்கு,

ஈஸ்டர் போய் இரண்டு மாசம் ஆகிறது. நீ எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

குவார்ட்டர்ஸைக் காலி செய்து வந்துவிட்டோம். போன வாரம் பால் காய்ச்சினோம். நேற்று ஞாயிற்றுக்கிழமை, நல்ல நாள் என்று ஷட்டரைத் திறந்து மெஷினை முன்னால் வைத்தேன். நான் நினைத்தபடியே ரோட்டில் போனவர்கள் நின்றார்கள். வைத்திலிங்கம் மாமா குடும்பத்தோடு வந்திருந்தார். அவர் ஓட்டிக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிற்று. எல்லோரும் சிரித்தோம். எனக்கு அது வேடிக்கையாகக்கூட இருந்தது.

திரும்பி வந்தபோது நீ சொன்ன மாதிரியே பல்பு பழுத்தது. மெஷினின் பின்பக்கம், மேலே, பட்டென்று ஒரு சத்தம். கருகின வாடை. அதற்குப் பிறகு ஃபேன்கூடச் சுற்றவில்லை. இங்கே வருகிற லைன் வேறயாம். "இது நம்ம குவார்ட்டர்ஸ் இல்ல தாயி" என்றார் அப்பா. ரிட்டயரான அன்றைக்குக்கூட அவர் முகம் அப்படி வாடியதில்லை.

போச்சு. எல்லாம் போச்சு. நீ படித்துப் படித்துச் சொன்னாய், நான் நெய்வேலித் திமிரில் சிரித்தேன். சென்னையில் ஒரு ஆபீஸில் வேலை காலியாக இருப்பதாகப் பெரியப்பா மகன் சொல்கிறான். போகலாம் என்றிருக்கிறேன். வருகிற ஞாயிறு வைத்திலிங்கம் மாமா அட்வான்ஸ் கொடுக்க வருகிறாராம், இன்னமும் என்னை நம்புகிறார் மனுஷன். கடை இல்லை, வேறு இடம் பாருங்கள் என்று சொல்லிவிடப் போகிறேன்.

உன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

அகிலா


இயேசுவுக்கே புகழ்
கடலூர் – நெய்வேலி பஸ், ஜன்னலோர சீட்
19.6.2004, சனிக்கிழமை

அடி அகிலா,

எழுத்து கோணலாக இருந்தால் டிரைவரைத் திட்டு. இதற்கு ஸ்டாம்ப் கிடையாது, என் கையாலேயே உன் கையில் கொடுக்கப் போகிறேன். நேரில் வருகிறவள் ஏன் எழுத வேண்டும் என்று கேட்பாய். உன் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது, அழுகைதான் வரும்.

முதலில் வேலை. போச்சு போச்சு என்று எழுதியிருக்கிறாயே, திறந்து பார்த்தாயா? சத்தம் வந்தது பின்பக்கம், மேலே. அங்கே இருப்பது எஸ்.எம்.பி.எஸ். டப்பா, கரண்ட்டைப் பிரித்துக் கொடுப்பது அதுதான். அடியை அது வாங்கியிருக்கும். அதோடு நின்றிருந்தால் உன் கார்டும் பிழைத்திருக்கும், போர்டும் பிழைத்திருக்கும். சத்தியம் செய்ய முடியாது, பூட்டிப் பார்த்தால்தான் தெரியும். புது டப்பா ஒன்று கடலூரில் வாங்கிவிட்டேன், என் மடியில் இருக்கிறது. யு.பி.எஸ். விஷயத்தைச் சொல்லிக்காட்ட மாட்டேன். ஒரே ஒரு தடவை மட்டும்: நான்தான் அப்போதே சொன்னேனே! முடிந்தது.

உன் கடிதத்தில் கருகின வாடையை எல்லாம் தாங்கிக்கொண்டேன். "சொல்லிவிடப் போகிறேன்" என்று எழுதினாய் பார், அங்கேதான் எனக்கு வந்தது கோபம். திறக்கும்போது இரண்டு பேர், மூடும்போது நீ ஒருத்தியா? அந்தக் கோபம் ஆறுவதற்குள் நேரே அத்தையிடம் போய், வடக்குத்துக்குப் போகிறேன் என்றேன்.

"இன்னாத்துக்கு?" என்றார்.

"கம்ப்யூட்டர் ரிப்பேராயிடுச்சுங்க அத்தை. பாக்கணும்."

"அந்த ஊர்ல ஆம்பளயே இல்லியா? நீ எதுக்கு பஸ்ஸு ஏறிக்கினு ஓடுற?"

"அது என் வேலைங்க அத்தை" என்றேன். இந்த வீட்டுக்கு வந்து முதல் தடவையாக அந்த வார்த்தையைச் சொன்னேன். இவர் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வேலன்னா சம்பளம் உண்டா?"

"இன்னும் இல்லீங்க. இனிமேதான்."

எழுந்து உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான், வீடு ரெண்டுபடப் போகிறது என்று நினைத்தேன். திரும்பி வந்தவர் கையில் டிபன் பாக்ஸ். "வெளில துன்னு காச அழிக்காத. வெளக்கு வெக்கறதுக்குள்ள வூடு வந்து சேரு" என்றார். பிறகு, "வாரத்துக்கு எத்தினி நாளு போவணும்?" என்றார். மூணு நாள் என்று என் வாயில் வந்ததைச் சொன்னேன். சரி என்று சொல்லவில்லை. கூடாது என்றும் சொல்லவில்லை.

அகிலா, எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண்டக்டர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டார். செவ்வாய், வியாழன், சனி நான் வருவேன். போர்டு போயிருந்தால் வேறு போர்டு போடுவோம், நீதான் விலை பேசுகிறவள். நாளைக்கு வைத்திலிங்கம் மாமாவிடம் அட்வான்ஸ் வாங்கு, யு.பி.எஸ். இல்லாமல் மெஷின் தர மாட்டோம் என்று கண்டிப்பாகச் சொல். சென்னைக்காரனுக்கு நீயே பதில் எழுதிவிடு, அதற்கு ஸ்டாம்ப் நான் வாங்கித் தருகிறேன்.

குறிஞ்சிப்பாடி தாண்டிவிட்டது. நீ இதைப் படிக்கிறபோது நான் உன் எதிரில்தான் நின்றுகொண்டிருப்பேன். அழுதது போதும், ஸ்க்ரூ டிரைவரை எடு.

உன் பார்ட்னர்,
லிடியா