எட்டுப் புள்ளி எட்டு

பெப்ரவரி 6

இன்றும் அதே கேள்வி. கடையில் ஆண்கள் யாரும் இல்லையா?

தெல்தெனியவிலிருந்து வந்த ஒருவர், சிங்களத்தில் கேட்டார். ட்ரக்டர் கலப்பைக்கு போல்ட் வேண்டும். என் அண்ணன், நானா, சரக்கெடுக்கக் கொழும்பு போயிருக்கிறார், நான்தான் இருக்கிறேன் என்றேன். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நானா வரும்வரை இருப்பாராம். இருங்கள், நாளைக்குத்தான் வருவார் என்றேன்.

கொஞ்சம் பொறுத்து எழுந்து வந்தார். 4.6 ஒன்றையும் 8.8 ஒன்றையும் மேசையில் வைத்தேன். ஒரே தடிப்பு, ஒரே நீளம். தலையில் உள்ள எண்ணைப் பாருங்கள் என்றேன். முதல் எட்டு: ஒரு சதுர மில்லிமீற்றர் உருக்கு எண்ணூறு நியூட்டன் இழுவை வரை அறாது. புள்ளிக்குப் பின்னால் வரும் எட்டு: அந்த இழுவையில் பத்தில் எட்டுப் பங்கு வரை போனாலும், விட்டதும் பழைய நீளத்துக்கே திரும்பும். அதைத் தாண்டினால் நீண்டது நீண்டதுதான். இது தெரியாமல் எல்லோரும் தடிப்பைப் பார்த்து வாங்குகிறார்கள்.

8.8 வாங்கிக்கொண்டு போனார். நானாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

வாப்பா மௌத்தான பிறகு திகன கடையில் பாதி என் பேரில். ஆனாலும் ஊருக்கு நான் கல்யாணம் முறிந்து வீடு வந்து, நானாவுக்கு ஒத்தாசையாக நிற்கிற தங்கச்சி. நிற்கட்டும் அந்தப் பேர். நான் மேசைக்கு இந்தப் பக்கம்தான் நிற்பேன்.

பெப்ரவரி 19

கடை திறந்த கையோடு ஒரு பெண் வந்தாள். பெயர் டொரதி, பன்விலவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். கைக்குட்டையை அவிழ்த்து இரண்டு போல்ட்டுகளை மேசையில் போட்டாள். ஒன்று பாதியில் அறுந்தது.

"ஒங்க கடையில வாங்குனதுதாங்க. என் வீட்டுக்காரரு எஸ்ரன், தோட்டத்து ட்ரக்டர் ஓட்டுறவரு. சனிக்கெழம வளைவுல பின் சக்கரம் கழண்டு ட்ரக்டர் சாஞ்சிருச்சு. காலு ஒடஞ்சு கண்டி பெரியாஸ்பத்திரியில கெடக்குறாரு."

ட்ரெயிலரில் கொழுந்துச் சாக்குகள் மட்டுமாம். வேறு நாளென்றால் அவளும் மற்றப் பெண்களும் சாக்குகளின் மேல் ஏறி வருவார்களாம்.

நான் என்ன சொன்னேன்? "எங்கட கடை போல்ட் ஒடையாது. ஸ்பானர் பிடியில பைப்பு போட்டு அளவுக்கு மேல இறுக்கியிருப்பார்."

"தோட்டத்துலயும் அதத்தான் சொல்றாங்க" என்றாள். "இறுக்கத் தெரியாம இறுக்கிட்டாருன்னு வேலைய நிப்பாட்டிட்டாங்க. விசாரணை வைக்கப் போறாங்களாம். நீங்களும் அதையே சொல்லுங்க."

போல்ட்டுகளை அப்படியே வைத்துவிட்டுப் போனாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

பெப்ரவரி 20

அறாத போல்ட்டைப் பழைய சரக்குப் பெட்டியில் இருந்த புதியதொன்றோடு மரைப் பல்லுக்குப் பல் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தேன். தலைப்பக்கம் பொருந்துகிறது. போகப் போக விலகி, இடையில் வெளிச்சம் தெரிகிறது. நீண்டிருக்கிறது. ஆனால் நல்ல போல்ட்டும் பைப் போட்டு இழுத்தால் நீளும்தானே. அப்படியென்றால் நான் சொன்னது சரி.

சரியா?

தலையில் இருந்த கிறீஸைத் துடைத்தேன். 8.8 இருக்கிறது. பக்கத்தில், செய்த கம்பனியின் அடையாளம் இல்லை. ஒரு எழுத்தாவது இருக்க வேண்டும். உள்ளே போய், போன மாதம் நானா புது வியாபாரியிடம் எடுத்து வந்த பெட்டிகளைத் திறந்தேன். ஒன்றிலும் இல்லை. எண் மட்டும். எண்ணை யாரும் அடிக்கலாம்.

ஊருக்கெல்லாம் தலையைப் பார், தலையைப் பார் என்கிறவள் நான். என் கையாலேயே எடுத்துக் கொடுத்திருக்கிறேன், பார்க்காமல்.

பெப்ரவரி 22

சுதர்சினி வந்தாள். கண்டியில் தொழிற்பயிற்சி நிலையமொன்றில் மோட்டார் பிரிவு ஆசிரியை, யாழ்ப்பாணத்துக்காரி. பயிற்சிக்கான சாமான் வாங்க வந்து வந்து என் சிநேகிதியானவள். போனில் விஷயத்தைச் சொன்னதும், "ஓம், டோர்க் ரென்ச்சையும் கொண்டு வாறன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

நாம் வைத்த அளவுக்கு முறுக்கு வந்ததும் 'டிக்' என்று சொல்லும் ஸ்பானர் அது. பதினாறு மில்லிமீற்றர் 8.8 போல்ட் என்றால் ஏறக்குறைய இருநூறு நியூட்டன் மீற்றர். தடித்த இரும்புத் துண்டொன்றை மேசையில் பொருத்திய வைஸ் இடுக்கியில் பிடித்து, பழைய பெட்டிப் போல்ட்டை அதில் மாட்டினோம். இழுத்தாள். டிக்.

பிறகு புதுப் பெட்டிப் போல்ட். இழுத்தாள். இழுத்தாள். நட் சுற்றிக்கொண்டே போனது.

"நீர் பிடிச்சுப் பாரும்" என்று என்னிடம் தந்தாள். இறுகி வருவது போல வந்து, சட்டென்று பாகு மாதிரி இளகிப் போனது கையில் தெரிந்தது. அளவைக் குறைத்து வேறொன்றை மாட்டினோம். நூறில் டிக் சொன்னது. நூற்றைம்பதில் சொல்லவில்லை.

"அந்த மனிசன் எப்பிடி இறுக்கியிருந்தாலும் சக்கரம் நிண்டிருக்காது" என்றாள்.

அதுதான் உண்மை. போல்ட் ஒரு ஸ்பிரிங் மாதிரி. இறுக்கும்போது ஒரு மயிரிழை நீண்டு, திரும்பச் சுருங்கப் பார்க்கும். அந்தச் சுருங்குகிற பிடிதான் சக்கரத்தைப் பிடித்து வைக்கிறது. இந்தப் போல்ட்டைக் குறைவாக இறுக்கினால் பிடி போதாது. சரியான அளவுக்கு இறுக்கினால் போல்ட் செத்துப் போகும். எஸ்ரனுக்கு வழியே இருக்கவில்லை.

பெப்ரவரி 23

நானாவிடம் சொன்னேன். வைஸில் மாட்டி இழுத்துக் காட்டினேன். கடைசிவரை பார்த்தார்.

"பெட்டிகளத் திருப்பிக் குடுக்குறேன். முடிஞ்சு."

"வித்தது?"

"வித்தது வித்ததுதான்."

"அந்த மனுஷன்ட வேல போகுது நானா. விசாரணையில போய்ச் சொல்லணும்."

அப்போதுதான் அவர் குரல் மாறியது. "எரிச்ச கடையத் திரும்பக் கட்ட பட்ட பாடு ஒனக்குத் தெரியாதா? அன்டைக்கு அவங்க வெச்சாங்க. இன்டைக்கு நீயே நெருப்பு வெக்கப் போறியா? முஸ்லிம் கடையில கள்ளச் சாமான் என்டு பேஸ்புக்ல போட எத்தன பேர் பாத்துக்கிட்டு ஈக்கிறாங்க, தெரியுமா?"

தெரியும். 2018 கலவரத்தில் முஸ்லிம் கடைகளை எரித்தபோது கருகிய எங்கள் ஷட்டரைத் தொட்டுக்கொண்டு வாப்பா நின்றதை நானும் பார்த்தேன். அவர் பயம் பொய்யில்லை. அதனால்தான் கோபம் இன்னும் கூடுகிறது.

"நாங்க ஏமாத்துறவங்க என்டு அன்டைக்கு அவங்க சொன்னது பொய் நானா. இத மறைச்சா, அந்தப் பொய்ய நாங்களே உண்மையாக்கிக் குடுக்குற."

"நீ போனா, திரும்ப இந்தக் கடைக்குள்ள வராத."

பின்வீட்டுக் குசினியில் அடுப்பை ஊதிக்கொண்டு உம்மா எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். யார் பக்கம்? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பெப்ரவரி 24

பெட்டிகளை லொறியில் ஏற்றினார்கள். ஒன்றை முன்கூட்டியே எடுத்து என் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். நானா சாவியைக் கேட்டார். கொடுக்கவில்லை.

பெப்ரவரி 25

ஆஸ்பத்திரிக்குப் போனேன். டொரதி என்னைக் கண்டதும் எழுந்து வழிமறித்தாள். போல்ட் பிழை, எங்கள் கடைப் பிழை என்றேன். நகர்ந்து வழிவிட்டாள்.

எஸ்ரன் கட்டுப் போட்ட காலோடு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போல்ட்டை இறுக்கியபோது எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"இறுக்கும்போதே எனக்குச் சரியாப் படலைங்க. ரப்பர் மாதிரி சுத்திக்கிட்டே போச்சு. வேக்ஷாப்புல சுவக்கின் அண்ணன்கிட்ட சொன்னேன். கொழுந்து வாடுது, மொதல்ல வண்டிய எடுன்னாரு. எடுத்துட்டேன்."

"விசாரணையில இத சொல்வீங்களா?"

"சொன்னா யாருங்க நம்புவாங்க?"

நான் சொன்னேன், நம்புகிறதும் விடுகிறதும் அவர்கள் பாடு. கையில் இழுத்துப் பார்த்தால் யாருக்கும் தெரியும்.

கிளம்பும்போது டொரதி படிவரை வந்தாள். "ஒங்க கடைக்கு நீங்களே ஏங்க இத செய்றீங்க?" பஸ்ஸில் அதையே யோசித்தேன். செய்யாமல் இருக்க முடியவில்லை. அவ்வளவுதான்.

பெப்ரவரி 29

அந்தப் பெட்டிகளிலிருந்து வாங்கியவர்களில் ஞாபகம் வந்த அத்தனை பேருக்கும் போன் எடுத்தேன். கழற்றுங்கள், கழற்றும்வரை வண்டியை எடுக்காதீர்கள், வேறு போல்ட் நான் தருகிறேன். ஒருவர் ஏசினார். ஒருவர் நானாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். குண்டசாலையில் ஒருவர் சிரித்துவிட்டு வைத்தார். திரும்ப எடுத்தேன். திரும்ப வைத்தார். ஓட்டோ பிடித்து நேரே போனேன். அவர் பார்த்துக்கொண்டு நிற்க, பழையதைக் கழற்றி நல்லதைப் போட்டு, ரென்ச்சில் இறுக்கிக் கொடுத்தேன். கொஞ்சம் ஓடின பிறகு திரும்ப ஒருமுறை இறுக்குங்கள் என்றேன். தலையாட்டினார். செய்வாரா தெரியாது.

மார்ச் 7

விசாரணை முடிந்தது.

தோட்டத்து ஆபீஸ். மனேஜர், கிளாக்கர், வேக்ஷாப் பொறுப்பாளர் சுவக்கின். கக்கத்தில் கட்டையோடு எஸ்ரன், பக்கத்தில் டொரதி. சுதர்சினி லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தாள். என்னை உள்ளே விடலாமா என்று வெளியே ஒரு பேச்சு நடந்தது. போல்ட் விற்றவள் நான்தான், என்னை விட்டுவிட்டு எதை விசாரிக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். விட்டார்கள்.

மனேஜர் முரட்டு ஆளில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டார். ஓட்டுநர் பைப் போட்டு இறுக்கியதால் போல்ட் நீண்டிருக்கலாம் அல்லவா? நீண்டிருக்கலாம், அதனால்தான் யாரும் இறுக்காத போல்ட்டைக் கொண்டு வந்திருக்கிறேன் என்று பெட்டியைத் திறந்தேன். அவரையே ஒன்றைப் பொறுக்கச் சொன்னேன். வேக்ஷாப் வைஸில் மாட்டி, ரென்ச்சை அவர் கையில் கொடுத்தோம். முதலில் நல்ல போல்ட். டிக். பிறகு அவர் பொறுக்கியது. இழுத்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுத் திரும்ப இழுத்தார். நட் சுற்றியது, சுற்றியது. ரென்ச்சை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அப்படியானால் பிழை உங்கள் கடையுடையது."

"ஆம்."

"எழுதித் தருவீர்களா?"

"தருகிறேன். ஆனால் எஸ்ரன் சொல்வதையும் எழுதுங்கள். முழுதாக."

எஸ்ரன் சொன்னார். தலை நிமிராமல், ஆனால் எல்லாம் சொன்னார். கிளாக்கர் சுவக்கினைப் பார்த்தார். சுவக்கின் வைஸைவிட்டுக் கண்ணெடுக்காமல், "சொன்னாப்லங்க. நான்தான் எடுன்னேன்" என்றார். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் அந்த மனிதர். சொன்னார்.

எஸ்ரனின் வேலை போகாது. கால் ஆறும்வரை சம்பளமும் உண்டு. எங்கள் கடையிலிருந்து தோட்டம் இனி எதுவும் வாங்காது. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார் மனேஜர். நியாயம்தான்.

டொரதி எஸ்ரனை ஜீப்பில் ஏற்றும்போது ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

மார்ச் 9

ஷட்டர் பூட்டு மாறியிருக்கிறது.

மார்ச் 21

நோன்பு. ஒரே வீட்டில், ஒரே பாயில் நோன்பு திறக்கிறோம். நானா பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் தள்ளுகிறார், முகம் பார்ப்பதில்லை. பேஸ்புக்கில் யாரோ போட்டுவிட்டார்கள், அவர் பயந்த மாதிரியேதான். கீழே வந்த வசவுகளைப் படித்தேன். கடைசிவரை படித்தேன். அதில் திகனயைச் சேர்ந்த ஒரு சிங்களப் பெண், "கடைக்காரியே போய் ஒப்புக்கொண்டாள், அதையும் எழுதுங்கள்" என்று போட்டிருக்கிறாள். யாரென்று தெரியாது.

என் பாதியைப் பிரித்துத் தரச் சொன்னேன். நானா சரி என்றார். இருபத்தாறு நாட்களோ என்னவோ, அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

உம்மா விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பும்போது காதோடு சொன்னார்: "வாப்பா உசிரோட ஈந்தாலும் போயிருப்பார். ஆனா ஒன்ன மாதிரி சத்தம் போட்டிருக்க மாட்டார்."

சிரித்துவிட்டேன். பிறகு அழுகை வந்தது.

மே 2

கட்டுகஸ்தோட்டையில் கடை. பாலத்துக்குக் கிட்ட, இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும் அகலம். வாசலில் வைஸ். எந்தப் போல்ட்டை யார் கேட்டாலும் ஒன்றை மாட்டி இழுத்துக் காட்டுகிறேன். சிலர் நேரமில்லை என்று போய்விடுகிறார்கள். போகட்டும்.

இங்கேயும் கேட்டார்கள், ஆம்பிள ஆள் இல்லையா என்று. இல்லை, இனி இருக்கவும் மாட்டார் என்றேன்.

ஜூன் 11

மத்தியானம் வரை மழை, வியாபாரம் மந்தம். மூன்று மணி போல நானாவின் போன். பெருநாளுக்குக்கூட ஸலாம் சொன்னதோடு நிறுத்திக்கொண்டவர். உம்மாவுக்கு ஏதோ என்று நினைத்து முதல் மணியிலேயே எடுத்தேன்.

"கொழும்புல நிக்கிறேன்" என்றார். பின்னால் ஒரே இரைச்சல். "ஒரு ஆள் வீல் போல்ட் நல்ல மலிவாத் தாரேன்டான். ஒரு போல்ட்ட வைஸ்ல மாட்டி இழுத்துப் பாக்கணும் என்டேன். ஏலாதாம்."

"அப்ப விட்டுட்டு வாங்க."

"விட்டுட்டுத்தான் ரோட்டுல நிக்கிறேன்."

ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"எப்ப திகன கடைக்குத் திரும்பி வார?" என்று கேட்டார்.

"நான் வரல்ல நானா. கட்டுகஸ்தோட்டைக்கு பஸ் ஈக்கி. நீங்க வாங்க."

சிரித்த மாதிரிக் கேட்டது. வாகன இரைச்சலாகவும் இருக்கலாம்.