இரண்டு வரிசையும் நடந்தால்

தோ பாயோ,
சிங்கப்பூர்.
11.3.1969

அன்புள்ள அத்தானுக்கு,

சிவகாமசுந்தரி எழுதுகிறேன். நானும் குழந்தை தங்கமும் சுகம். உங்கள் இருமல் நின்றதா என்று நீங்கள் எழுதவே இல்லை. பிரான்சில் இன்னும் குளிர்தானா?

உங்கள் கடிதம் இந்த முறையும் நோரிஸ் ரோட்டுக்கே போய்விட்டது. பழைய வீட்டுக்குக் கீழே கடை வைத்திருக்கும் சாகுல் ஹமீது பாய் பஸ் ஏறி வந்து கொடுத்தார். "தம்பி இன்னும் நீங்க அங்கயே இருக்கீங்கன்னு நெனைக்கிறாரு லா" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். நாங்கள் வீடு மாறி, தீபாவளியும் பொங்கலும் போயாயிற்று.

இன்னும் ஒரு வருஷம் அங்கே இருக்க வேண்டும் என்று படித்ததும், கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன். வளையத்துக்குள் எதிரெதிரே ஓடும் இரண்டு துகள் கற்றைகள் மோதிக்கொள்ள எவ்வளவு வாய்ப்பு என்பதுதானே நீங்கள் சொல்லும் லூமினாசிட்டி? நீங்கள் கணக்கிட்டதைப் போல இரண்டு மடங்கு மோதல் பதிவாகிறது, கருவியில் கோளாறு, அதைக் கண்டுபிடிக்காமல் வர முடியாது என்கிறீர்கள்.

நீங்கள் எழுதியிருந்த கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். கணக்கு டீச்சரைக் கட்டிக்கொண்டால் அப்படித்தான். ஒரு கற்றை நிற்பதாகவும், மற்றது அதன்மேல் பாய்வதாகவும் போட்டிருக்கிறீர்கள். அசையாத தகட்டில் துகளை மோதவிட்ட பழைய வேலையின் சூத்திரம் அப்படியே கைக்கு வந்துவிட்டது போலிருக்கிறது. இங்கே இரண்டும் ஓடுகின்றனவே அத்தான்!

ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. மறுநாள் திடலில் என் வகுப்புப் பெண்களை இரண்டு வரிசையாக நிறுத்தினேன். ஒரு வரிசை நிற்க, மற்றது நடந்துபோகும்போது எதிர்ப்படுகிறவள் கையில் தட்டச் சொன்னேன். பிறகு இரண்டு வரிசையையும் எதிரெதிரே நடக்கவிட்டேன். அதே நேரத்துக்குள் ஒவ்வொருத்திக்கும் இரண்டு மடங்கு தட்டு. தலைமை ஆசிரியை வந்து, இது கணக்கா கும்மியா என்று கேட்டார்.

உங்கள் கருவி சரியாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நினைக்கும்போதே பயமாகவும் இருக்கிறது. நீங்கள் வந்துவிட வேண்டும் என்ற ஆசையே எனக்கு இந்த விடையைப் போட்டுக் கொடுத்ததோ என்னவோ. தயவுசெய்து நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். என் பேரைச் சொல்ல வேண்டாம்.

தங்கம் இப்போது பக்கத்து வீட்டு அம்மாவோடு மலாயில் சண்டை போடுகிறாள். நீங்கள் விட்டுப்போன கைக்குழந்தை இல்லை அவள். நானும் நீங்கள் விட்டுப்போன இடத்தில் நிற்கவில்லை. அதுதான் என் கவலையெல்லாம்.

பிழை கணக்கில்தான் என்றால் உடனே புறப்படுங்கள். கணக்கு நேரான பிறகும் அங்கே இருக்கக் காரணம் ஏதாவது இருந்தால், அதை மறைக்காமல் எழுதிவிடுங்கள். நான் தாங்கிக்கொள்வேன். புது விலாசத்தைப் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

அம்மன் உங்களை வழி தவறாமல் இந்தப் புது வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
சிவகாமசுந்தரி