எலிகளுக்கு வைத்த பொட்டு

1932, ஆயுத பூசைக்கு மறுநாள், கிள்ளான்.

எழுதவே வெட்கம். என் பக்தியால் இன்று வெள்ளைக்காரத் துரையின் எலி ஆராய்ச்சி கெட இருந்தது. தோட்டத்தில் எத்தனை எலிகள் என்று அறிய, பிடித்த எலியின் நெற்றியில் சிவப்புச் சாயம் தடவி விட்டுவிடுவார். அடுத்த முறை அகப்படுவதில் சாயம் பட்டவை எத்தனை என்று எண்ணுவார். நானோ நேற்றுப் பூசையில் எலி பிடிக்கும் கூண்டுக் கம்பிகளுக்கெல்லாம் குங்குமம் பூசிவிட்டேன். இன்று அகப்பட்ட எலியெல்லாம் சுமங்கலி!

"என்ன பெருமாள், புது எலி ஒண்ணுகூட இல்லே?"

வேலை போய்விடுமென்று பயம். ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"நேத்துப் பூசைங்க தொரை. கூண்டுக்கு வச்ச பொட்டு, இதுங்க நெத்தியில ஒட்டிக்கிச்சு."

விழுந்து விழுந்து சிரித்தார். ஈரத்துணி எடுத்து ஒவ்வொரு எலியாக என்னோடு சேர்ந்து துடைத்தார். குங்குமம் போயிற்று, சாயம் நிலைத்தது, என் வேலையும் நிலைத்தது. நல்ல மனுசன், நன்றாக இருக்கட்டும்.

களைப்பில் ஒரு கூண்டின்மேல் உட்கார்ந்து எழுந்தார். வெள்ளைக் கால்சட்டையின் பின்னால் பெரிய பொட்டு. அப்படியே கோலாலம்பூருக்கு விருந்துக்குப் போயிருக்கிறார்.