வகுப்பில் கிடைத்த தங்கை

பிப்ரவரி 4

அன்புள்ள அம்மா,

நலம். குளிர்தான் தாங்கவில்லை. நீ போனைத் தொடவே மாட்டாய் என்பதால் விரல் விறைக்க விறைக்க எழுதுகிறேன்.

ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டு அறையில்தான் வகுப்பு. நர்ஸ்கள், மனநல ஆலோசகர்கள், இரண்டு டாக்டர்கள், மொத்தம் பதினாறு பேர். சண்டையில் அடிபட்டு மனம் உடைந்த குழந்தைகளிடம் எப்படிப் பேசுவது, எப்போது பேசாமல் இருப்பது என்று சொல்லித்தருகிறேன். ஒருவர் குழந்தையாக நடிக்க வேண்டும், இன்னொருவர் கேட்டுப் பழக வேண்டும். அதற்கு ஒரு கதை வேண்டும். சிகிச்சைக்கு வந்த எந்தக் குழந்தையின் கதையையும் சொல்லக்கூடாது என்பது எங்கள் விதி. கற்பனையாக எனக்கு ஒன்றும் வரவில்லை. சின்ன வயதில் சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிய அன்று நீ உன் தம்பியைத் தொலைத்ததைச் சொல்லிவிட்டேன். கோபப்படாதே. தம்பியைத் தங்கையாக்கினேன், பாலத்தைச் சந்தையாக்கினேன். கடைசியில் தங்கை கிடைத்துவிட்டாள். எல்லோரும் அழுதார்கள், நல்ல வகுப்பு என்றார்கள்.

மாத்திரையை நேரத்துக்குப் போடு.

உன் மகள்

*

பிப்ரவரி 17

மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். உன் மகள் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று கண்ணாடி முன்னால் நிற்கிறாள். உன் வீட்டுக்காரர் துவைத்த துணியை மடிக்காமல் நாற்காலியில் மலையாகக் குவிக்கிறார்.

உன் அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்று, ஆஸ்பத்திரி பெஞ்சில் உன்னிடம் மட்டும் சொன்னது அது. நீ பச்சை ஸ்வெட்டர் போட்டிருந்தாய். உன் அப்பாவிடம்கூட நான் முழுதாகச் சொன்னதில்லை. அதைப் பதினாறு பேர் முன்னால் நடிக்கக் கொடுத்தாயா? நடித்தவள் நன்றாக நடித்தாளா?

சரி, சொன்னதுகூடப் போகட்டும். தங்கை கிடைத்துவிட்டாளாமே! எங்கே கிடைத்தாள்? யார் கூட்டிக்கொண்டு வந்தார்கள்? அறுபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு கூட்டத்திலும் நான் தேடுகிற முகம் உனக்கு ஒரே மத்தியானத்தில் கிடைத்துவிட்டதா?

நான் எதையும் மறக்கிறவள் இல்லை. உனக்கே தெரியும்.

அம்மா

*

மார்ச் 1

அம்மா,

இரண்டு நாளாக உன் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். செய்தது தப்பு. ஏன் அப்படி முடித்தேன் என்று மட்டும் சொல்கிறேன். அந்தப் பதினாறு பேரில் பாதிப் பேர் வீட்டில் யாரோ ஒருவர் திரும்பி வரவில்லை. கிடைக்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் எழவில்லை.

இன்னொன்றும் நடந்தது. குழந்தையாக நடித்த நர்ஸ் பாதியில் நிறுத்திவிட்டு என்னைக் கேட்டாள்: "இந்தப் பொண்ணு கையை விட்டுச்சா, தங்கச்சி உருவிக்கிட்டாளா?"

எனக்குத் தெரியாது அம்மா. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். உருவிக்கொண்டாள் என்றேன். அவள் சொன்னாள்: "அப்ப இந்தப் பொண்ணுக்கு இவ்வளவு கஷ்டம் இருக்காதே."

வகுப்புக்காகக் கேட்கவில்லை. நான் கேட்கலாமா?

உன் மகள்

*

மார்ச் 15

மகளே,

வகுப்புக்காகக் கேட்கவில்லை என்கிறாய். பாதி நம்புகிறேன். இதை உன் மகள் கையில் கொடுக்க மாட்டேன், நானே போய்த் தபால் பெட்டியில் போடுவேன்.

அவன் உருவிக்கொள்ளவில்லை. நாலு வயசு. என் சுண்டுவிரலையும் அடுத்த விரலையும் சேர்த்துப் பிடித்திருந்தான். என் தலையில் அரிசி மூட்டை. என் அம்மா சொல்லித்தான் முன்னால் விட்டாள்: "மூட்டையை விட்டுடாத, தம்பியை விட்டுடாத." எது முதலில் என்று சொல்லவில்லை. பாலத்தில் பின்னாலிருந்து தள்ளினார்கள். மூட்டை சரிந்தது. இரண்டு கையாலும் பிடித்தேன். அவ்வளவுதான். நிமிர்த்திவிட்டுக் கையைக் கீழே நீட்டினேன். வேறு யாரோ பெற்ற பிள்ளையின் தலை தட்டுப்பட்டது.

அக்கரையில் என் பெரியம்மா சொன்னாள்: "மூட்டையாவது வந்து சேர்ந்துச்சே." அவள் செத்தபோது நான் முகம் பார்க்கப் போகவில்லை. நீ என்னைக் கல்நெஞ்சுக்காரி என்றாய், ஞாபகம் இருக்கிறதா? என் அம்மா ஒன்றுமே கேட்கவில்லை. சாகிறவரை கேட்கவில்லை. அந்த அரிசியை நாலு நாள் வடித்துச் சாப்பிட்டோம். நானும் சாப்பிட்டேன். மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்த நர்ஸிடம் வேண்டுமானால் சொல். கேட்க வேண்டியதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

இதற்கு நீ பதில் எழுதாதே. என்ன எழுதுவாய் என்று தெரியும். "அது உன் தப்பில்லம்மா, உனக்கு ஒம்பது வயசு." அதைத்தானே அங்கே சொல்லப் பழக்குகிறாய்? நன்றாகப் பழக்கு. அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியிருக்கும். வேலை முடிந்து வா, உன் மகளைப் பற்றிப் பேசலாம், யாரை வேண்டுமானாலும் திட்டலாம். இந்தப் பேச்சை மட்டும் எடுக்காதே. உன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தால், பதினாறு பேருக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தில் எனக்கும் ஒரு பங்கு கொடுத்ததாகத்தான் காதில் விழும்.

அம்மா