டெஸ்ஸிக்குக் கிடைத்த சான்றிதழ்

பைன் ஃபோர்க், கென்டக்கி
ஞாயிறு மதியம்

அன்பு மகள் லெனோராவுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் ஏதோ சுகமாக இருக்கிறோம், அவ்வளவு தூரத்தில் அலாஸ்காவில் நர்ஸாக நைட் டியூட்டியும் பார்த்துக்கொண்டு நீ நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஜெபம். அம்மாவுக்கு இதய மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள், மூச்சிரைப்பு குறைந்திருக்கிறது, ஆனாலும் கோழிக்கூடு வரை நடந்துவிட்டு வந்தால் உட்கார்ந்துவிடுகிறாள், சொன்னால் கேட்பதில்லை. போனில் நான் சரியாகப் பேசவில்லை என்று நீ வருத்தப்பட்டாயாம். அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்ல முடியாத விஷயம், அதனால்தான் எழுதுகிறேன்.

என்னைக் கணக்கு வகுப்பிலிருந்து மாற்றிவிட்டார்கள். பெயிலான பாடங்களைப் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் திரும்பப் படித்து, பள்ளிப் படிப்பை முடிக்க விட்டுப்போன கிரெடிட்டைச் சேர்த்துக்கொள்கிற அறை இப்போது என் பொறுப்பு, பழைய தையல் வகுப்பு அறைதான், ஜன்னல் கிடையாது. ஓடைக்கு மேலே இருக்கும் கோம்ப்ஸ் வீட்டு டெஸ்ஸி அங்கே வந்தாள், நீ ஊரை விட்டுப் போகும்போது சின்னப் பெண். அவள் அம்மாவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது, மலைக்கு அந்தப் பக்கம் டயாலிசிஸுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போக வேறு ஆள் இல்லை, போகிற நாளெல்லாம் இவளுக்குப் பள்ளி போச்சு, அல்ஜீப்ராவும் வேதியியலும் அப்படியே போச்சு. ஆஸ்பத்திரியில் நர்ஸ் உதவியாளர் பயிற்சிக்குச் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. கணக்கு அவளுக்கு மெதுவாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. ஒருநாள் ஒரு சமன்பாட்டைப் போட்டு முடித்துவிட்டு, “சார், இது நானே போட்டது, யாரும் தொடாதீங்க” என்று திரையைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

வசந்த விடுமுறை முடிந்ததும் தலைமையாசிரியர் பிரேட்டர் கூப்பிட்டார், நம் சபையில் முன் வரிசையில் உட்காருவாரே அவர்தான். “ஆர்வல் அண்ணே, இந்த வருஷமும் பாஸாகிறவங்க எண்ணிக்கை கொறஞ்சா நம்ம பள்ளிக்கூடத்த மூடிட்டுப் பக்கத்து ஊரோட சேத்துருவாங்க. பிள்ளைங்க பக்கத்துல உக்காந்து எது சரின்னு விரல வச்சுக் காட்டுங்க, அவங்களே தட்டிக்கட்டும்” என்றார். என்னால் முடியாது என்றேன். அவர் கோபப்படவில்லை. “வெர்னா அக்கா எப்படி இருக்காங்க, நம்ம பள்ளிக்கூடக் காப்பீட்டுலதான மருந்து வாங்குறீங்க” என்று அம்மாவைப் பற்றி மட்டும் கேட்டார். டெஸ்ஸியாவது என் பக்கம் நிற்பாள் என்று நினைத்து அவளிடம் சொன்னேன், அவளோ, “ஊர்ல யாருக்கும் இல்லாத ரோஷம் உங்களுக்கு மட்டும் எதுக்கு சார்? நான் பட்டமளிப்பு அங்கி போட்டு நடக்கறத எங்கம்மா பாக்கணும். அடுத்த வருஷம் அவங்க இருப்பாங்கன்னு நீங்க எழுதித் தருவீங்களா?” என்றாள்.

மறு வாரம் அந்த அறைக்குக் கூடைப்பந்துக் கோச்சை அனுப்பினார்கள். நான் பின்னால் உட்கார்ந்து வருகைப் பதிவு எடுத்தேன். அவர் மேசை மேசையாகப் போய் விடைகளைத் தானே தட்டினார், “கோச்சு ஒரே வாரத்துல நாலு வருஷப் படிப்ப முடிச்சுட்டாருடா” என்று பையன்கள் சிரித்தார்கள், டெஸ்ஸி சிரிக்கவில்லை. மேலிடத்துக்கு எழுதலாமா என்று யோசித்தேன், எழுதினால் பள்ளி போகும், அவள் சான்றிதழ் போகும், அம்மாவின் மாத்திரை போகும், எந்தப் பக்கம் திரும்பினாலும் யார் மேலாவது போய் இடிக்கிறது. பட்டமளிப்பு அன்று டெஸ்ஸியின் அம்மாவைச் சக்கர நாற்காலியில் கூட்டி வந்திருந்தார்கள். மகள் அங்கியோடு மேடையேறியபோது அந்த மனுஷி அழுத அழுகையைப் பார்த்து நானும் எழுந்து கைதட்டினேன். பொய்யாகத் தட்டவில்லை, அதுதான் எனக்கே புரியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை டெஸ்ஸி நம் சமையலறை வாசலில் வந்து நின்றாள். ஆஸ்பத்திரி நுழைவுத் தேர்வில் மருந்தளவுக் கணக்கில் தோற்றுவிட்டாளாம், வீட்டில் சொல்லவில்லை. சான்றிதழைச் சட்டம் போட்டு டிவிக்கு மேலே மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் அவள் அம்மா காட்டுகிறாளாம். “மறுபடி உங்க ரூம்ல வந்து உக்காரலாம்னு ஆபீஸ்ல போய்க் கேட்டேன் சார். முடியாதாம், நான்தான் பாஸ் பண்ணிட்டேனாம்” என்றாள். அழவில்லை, அழுதிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. உன் அம்மா பீன்ஸும் சோள ரொட்டியும் வைத்தாள், சாப்பிட்டதும் பின்னக் கணக்கிலிருந்து ஆரம்பித்தோம். அந்தத் தேர்வை இலையுதிர் காலத்தில் இன்னொரு முறை எழுத விடுவார்கள். அடுத்த வருஷத்துக்கும் அதே அறைக்கு நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன், கோச்சும் வருவார். அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லாதே, தன் மருந்துக்காகத்தான் நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தால் மாத்திரையைத் தொடமாட்டாள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, டியூட்டி முடிந்து வரும்போது வண்டியை மெதுவாக ஓட்டு, கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. உன் பழைய நர்சிங் கணக்குப் புத்தகம் இருந்தால் மறக்காமல் தபாலில் அனுப்பு. நம் முகவரிக்கே போடு, டெஸ்ஸி வீட்டுக்கு வேண்டாம், பாஸான பெண்ணுக்கு எதற்குப் புத்தகம் என்று அவள் அம்மா கேட்பாள்.

உன்னை எப்போதும் நினைத்திருக்கும் அப்பா,
ஆர்வல் ஸ்டிடம்